கிறுக்கல் போச்சு, 'கிளிக்' வந்துச்சு! ஆஸ்பத்திரி கம்ப்யூட்டரை டாக்டர்-நர்சுகள் வரவேற்கிறார்களா, வெறுக்கிறார்களா?

1 மாத்திரைக்கு பதில் 38½ மாத்திரை விழுங்கிய சிறுவன் - திடுக்கிடும் தகவல்கள்

கேஸ் ஷீட்டை தூக்கிக்கொண்டு ஆயாவும், வார்டு ஊழியரும் மாடிக்கும் கீழுக்குமாக ஓடிய காலம் மலையேறிக்கொண்டு இருக்கிறது. நோயாளியின் பெயர், வயது, நோய், ரத்த பரிசோதனை, கொடுத்த ஊசி, எழுதிய மருந்து எல்லாமே இப்போது கம்ப்யூட்டருக்குள் போகின்றன.

ஓ.பி. சீட்டு கவுண்ட்டரில் ஆரம்பித்து, மருந்து கொடுக்கும் ஜன்னல் வரை ஆளுக்கொரு கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கிராம சுகாதார செவிலியரின் கைப்பையில் கூட நோட்டு புத்தகத்தோடு ஒரு டேப்லெட்டும் இருக்கிறது.

நோயாளிக்கு இதனால் நன்மையா, தீமையா? இந்த கம்ப்யூட்டரை ராத்திரி பகலாக தட்டுகிற டாக்டர்கள், நர்சுகள், மருந்தாளுனர்கள் மனதில் என்ன இருக்கிறது?

"பழைய ரிப்போர்ட்டு ஒரு நொடியில் கிடைக்கிறது, இனி இது இல்லாமல் முடியாது" என்பது ஒரு கட்சி. "நோயாளியை பார்ப்பதா, இந்த பெட்டியை பார்ப்பதா?" என்பது எதிர்க்கட்சி. ஒரே டாக்டர் காலையில் முதல் கட்சியிலும், சாயங்காலம் இரண்டாவது கட்சியிலும் இருப்பதுதான் வேடிக்கை.

கோர்ட்டுக்கு போன கிறுக்கல்

டாக்டர் எழுத்து என்றாலே கோழி கிறுக்கல் என்று கேலி பேசுவது வழக்கம். ஆனால் அந்த கேலி கோர்ட்டு வரைக்கும் போய்விட்டது.

ஒடிசா மாநிலத்தில் ஒரு தந்தை, பாம்பு கடித்து இறந்துபோன தன் மகனுக்காக நிவாரணத்தொகை கேட்டு ஐகோர்ட்டில் வழக்கு போட்டார். பிரேத பரிசோதனை அறிக்கையை நீதிபதி வாங்கி பார்த்தார். ஒரு வரி கூட படிக்க முடியவில்லை.

கடைசியில் அந்த அறிக்கையை எழுதிய டாக்டரே வீடியோ மூலம் கோர்ட்டில் தோன்றி, தான் எழுதியது என்ன என்று விளக்க வேண்டியதாயிற்று. மருந்து சீட்டு, பிரேத பரிசோதனை அறிக்கை, போலீஸ் வழக்குக்கான மருத்துவ அறிக்கை எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் தெளிவாக எழுத வேண்டும், அல்லது டைப் செய்ய வேண்டும் என்று 2024 ஜனவரியில் ஒரிசா ஐகோர்ட்டு உத்தரவு போட்டது.

2025 ஆகஸ்டில் பஞ்சாப்-அரியானா ஐகோர்ட்டிலும் இதே கதை. ஒரு பாலியல் வழக்கில் ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தது. பெண்ணை பரிசோதித்த மருத்துவ அறிக்கையில் ஒரு வார்த்தை கூட புரியவில்லை. படிக்கும்படியான மருந்து சீட்டு பெறுவது நோயாளியின் அடிப்படை உரிமை என்று நீதிபதி தீர்ப்பில் சொன்னார். கம்ப்யூட்டர் சீட்டு வரும் வரை பெரிய எழுத்தில் எழுதுங்கள் என்றும் கண்டிப்பாக கூறினார்.

இத்தனைக்கும், மருந்து பெயரை தெளிவாக, முடிந்தால் ஆங்கில பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-லேயே விதி கொண்டு வந்துவிட்டது. விதி வந்தது. கையெழுத்து மாறவில்லை.

ஆகவே கம்ப்யூட்டர் வந்ததில் முதல் சந்தோஷம் மருந்தாளுனர்களுக்குத்தான். 'இது என்ன மாத்திரை?' என்று சீட்டை தலைகீழாக திருப்பி பார்க்கும் வேலை அவர்களுக்கு மிச்சம்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் உள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மருந்தை கம்ப்யூட்டரில் எழுத ஆரம்பித்த பிறகு, கடுமையான மருந்து தவறுகள் 55 சதவீதம் குறைந்தன. 1998-ல் வெளியான ஆராய்ச்சி இது. கம்ப்யூட்டருக்கு ஆதரவாக பேசுகிறவர்கள் இன்றைக்கும் கையில் எடுத்து காட்டும் சாட்சி.

2 நிமிஷத்தில் 2 வேலை

தமிழ்நாட்டில் 2005-ல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு சுகாதார திட்டம் ஆரம்பமானது. அதன் கீழ் அரசு ஆஸ்பத்திரிகளில் கம்ப்யூட்டர் பதிவு கொண்டு வரப்பட்டது. மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரிகளில் முதலில் வந்து, பிறகு மருத்துவ கல்லூரி ஆஸ்பத்திரிகளுக்கும் பரவியது.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிகளில் தினமும் பல ஆயிரம் பேர் புறநோயாளிகளாக வருகிறார்கள். காலையில் கதவு திறப்பதற்கு முன்பே வரிசை வாசலை தாண்டி நிற்கும்.

ஒரு டாக்டர் 3 மணி நேரத்தில் 90 பேரை பார்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு கிடைப்பது 2 நிமிஷம். அதில் 1 நிமிஷம் கம்ப்யூட்டருக்கு போனால், 'என்னம்மா செய்யுது?' என்று கேட்டு, நாடி பார்த்து, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்து, மருந்து சொல்ல மீதி 1 நிமிஷம்தான்.

இது கற்பனை கணக்கு அல்ல. 67 நாடுகளில் டாக்டர்கள் நோயாளியோடு செலவழிக்கும் நேரத்தை தொகுத்து 2017-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. சுவீடனில் ஒரு நோயாளிக்கு 22½ நிமிஷம். வங்காளதேசத்தில் 48 வினாடி. இந்தியாவில் சுமார் 2 நிமிஷம்.

22 நிமிஷம் கிடைக்கிற ஊர்க்காரர்கள் தயாரித்த கம்ப்யூட்டர் முறையை 2 நிமிஷ ஊரில் கொண்டு வந்து வைத்தால் எப்படி சரிப்படும் என்பதுதான் இங்குள்ள டாக்டர்களின் முதல் கேள்வி.

நெட்வொர்க் 'சுத்துது', மின்சாரம் போச்சு, பிரிண்டரில் பேப்பர் இல்லை என்றால் வரிசை அப்படியே நிற்கும். கூச்சல் கிளம்பும். திட்டு வாங்குவது முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊழியர்தான். கம்ப்யூட்டரை யாரும் திட்டுவது இல்லை.

7 வயது சிறுமி வரைந்த படம்

வசதி படைத்த அமெரிக்காவில் மட்டும் டாக்டர்கள் சந்தோஷமாக இருக்கிறார்களா? அதுதான் இல்லை.

2009-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. கம்ப்யூட்டர் பதிவுக்கு மாறும் ஆஸ்பத்திரிகளுக்கும் டாக்டர்களுக்கும் அரசே பணம் கொடுத்தது. 2008-ல் பத்தில் ஒரு ஆஸ்பத்திரி கூட முழுசாக மாறவில்லை. 2015-ல் பத்தில் எட்டுக்கு மேல் மாறிவிட்டன. பணம் வேலை செய்தது.

அப்புறம்தான் வினை ஆரம்பித்தது.

2016-ல் 57 டாக்டர்களை பின்தொடர்ந்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நிமிஷக்கணக்கில் குறித்தார்கள். டாக்டர் நோயாளியோடு நேருக்கு நேர் இருக்கும் ஒவ்வொரு 1 மணி நேரத்துக்கும், கம்ப்யூட்டர் மற்றும் மேஜை வேலைக்கு கிட்டத்தட்ட 2 மணி நேரம் போகிறது என்று தெரிய வந்தது. அது போதாது என்று வீட்டுக்கு போய் ராத்திரியில் வேறு 1 மணி, 2 மணி நேரம் தட்டிக்கொண்டு இருந்தார்கள்.

2012-ல் அமெரிக்க மருத்துவ சங்க பத்திரிகையில் ஒரு படம் வெளியாயிற்று. டாக்டரிடம் போய் வந்த 7 வயது சிறுமி வரைந்தது. அம்மா இருக்கிறார், குழந்தைகள் இருக்கிறார்கள், சிறுமி பரிசோதனை மேஜையில் உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர்? அவர் முதுகை காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை தட்டிக்கொண்டு இருக்கிறார்.

அந்த படம் டாக்டர்களை சுட்டது. இந்திய வம்சாவளி அறுவை சிகிச்சை நிபுணரும் எழுத்தாளருமான அதுல் கவாண்டே, டாக்டர்கள் தங்கள் கம்ப்யூட்டரை ஏன் வெறுக்கிறார்கள் என்று 2018-ல் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். வேலையை சுலபமாக்க வந்த சாமான், டாக்டர்களை வேலைக்கு அடிமையாக்கி விட்டது என்பது அங்குள்ளவர்களின் பெரிய ஆதங்கம்.

38½ மாத்திரை

நேரம் போவது ஒரு தொல்லை. உயிரே போகப்பார்த்த கதை ஒன்று உண்டு.

2013 ஜூலை. அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்தில் பெயர் பெற்ற ஒரு பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. அபூர்வமான பரம்பரை நோய் உள்ள 16 வயது சிறுவன், குடல் பரிசோதனைக்காக சேர்க்கப்பட்டான். அவன் வழக்கமாக சாப்பிடும் கிருமி எதிர்ப்பு மாத்திரையை எழுத வேண்டும். வேண்டியது 1 மாத்திரை. 160 மில்லிகிராம்.

டாக்டர் கம்ப்யூட்டரில் 160 என்று தட்டினார். பக்கத்தில் இருந்த கட்டத்தை அவர் கவனிக்கவில்லை. அதில் 'மில்லிகிராம்' என்பதற்கு பதில், 'ஒரு கிலோ எடைக்கு இத்தனை மில்லிகிராம்' என்று இருந்தது. சிறுவனின் எடை 38 கிலோ சொச்சம். கம்ப்யூட்டர் பெருக்கியது. 38½ மாத்திரை என்று போட்டது.

எச்சரிக்கை வரவில்லையா? வந்தது. திரையில் வந்த எச்சரிக்கையை டாக்டர் தட்டிவிட்டு போனார். மருந்தாளுனருக்கும் வந்தது. அவரும் தட்டிவிட்டார்.

காரணம் என்ன? அந்த ஆஸ்பத்திரியில் மருந்தாளுனர்கள் பார்க்கும் சீட்டுகளில் கிட்டத்தட்ட பாதிக்கு ஏதாவது ஒரு எச்சரிக்கை வந்துகொண்டே இருந்தது. 'புலி வருது, புலி வருது' கதைதான். நிஜ புலி வந்தபோது யாரும் திரும்பி பார்க்கவில்லை.

மருந்தை எடுத்து அடுக்கியது எந்திர மனிதன். அதற்கு சந்தேகப்பட தெரியாது. 38½ மாத்திரையை பொட்டலம் போட்டு அனுப்பிவிட்டது.

கடைசியாக நர்சு கைக்கு வந்தது. அன்றைக்கு வேறு வார்டில் இருந்து மாற்று வேலைக்கு வந்தவர் அவர். இத்தனை மாத்திரையா என்று அவருக்கு சந்தேகம் தட்டியது. பொட்டலத்தில் உள்ள கோட்டு குறியீட்டை கருவியில் காட்டினார். சரிதான் என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது. டாக்டர் எழுதி, மருந்தாளுனர் பார்த்து, கம்ப்யூட்டரும் சரி என்ற பிறகு தான் ஒருத்தி என்ன சொல்வது என்று நினைத்து கொடுத்துவிட்டார். சிறுவன் அத்தனையையும் விழுங்கினான்.

சில மணி நேரத்தில் அவனுக்கு கடுமையான வலிப்பு வந்தது. மூச்சு திணறியது. டாக்டர்கள் ஓடி வந்து போராடினார்கள். நல்ல வேளையாக சிறுவன் பிழைத்துக்கொண்டான்.

அதே ஆஸ்பத்திரியை சேர்ந்த டாக்டர் ராபர்ட் வாக்டர், 2015-ல் எழுதிய புத்தகத்தில் இந்த சம்பவத்தை மூடி மறைக்காமல் விலாவாரியாக எழுதியிருக்கிறார். டாக்டர், மருந்தாளுனர், நர்சு மூவருமே கெட்டிக்காரர்கள், பொறுப்பானவர்கள். அப்படியும் இது நடந்தது.

கையால் எழுதும் காலத்தில் 38½ மாத்திரை என்று எந்த டாக்டரும் எழுதமாட்டார். எழுதினாலும் கை கூசும். கம்ப்யூட்டருக்கு கூச்சம் கிடையாது.

கம்ப்யூட்டருக்கும் லஞ்சம்

டாக்டருக்கு லஞ்சம், மருந்து கடைக்கு கமிஷன் என்று கேள்விப்பட்டது உண்டு. கம்ப்யூட்டருக்கே லஞ்சம் போன வழக்கும் நடந்திருக்கிறது.

அதே சான்பிரான்சிஸ்கோவில் உள்ள ஒரு கம்பெனி, டாக்டர்களுக்கு நோயாளி பதிவு மென்பொருளை தயாரித்து கொடுத்தது. போதை தரும் வலி மருந்து தயாரிக்கும் ஒரு கம்பெனி, அதற்கு சுமார் 10 லட்சம் டாலர் கொடுத்தது. எதற்கு? நோயாளிக்கு வலி இருக்கிறதா என்று டாக்டருக்கு நினைவுபடுத்தும் குறிப்பை, தங்கள் மருந்து அதிகம் விற்கும்படியாக திரையில் அமைப்பதற்கு.

குட்டு உடைந்தது. 2020 ஜனவரியில் அந்த மென்பொருள் கம்பெனி 14½ கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

திரையில் வருவதெல்லாம் வேதவாக்கு என்று நம்பிய டாக்டர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. திரைக்கு பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அன்று முதல் கேட்க ஆரம்பித்தார்கள்.

ஒரு தாய், நாலு பதிவு

இனி நம்ம ஊருக்கு வருவோம். இங்கே கம்ப்யூட்டரின் பாரத்தை அதிகம் சுமப்பவர்கள் பெரிய டாக்டர்கள் அல்ல. கிராம சுகாதார செவிலியர்களும், நகரத்தில் வீடு வீடாக போகும் செவிலியர்களும்தான்.

தமிழ்நாட்டில் 8,700-க்கும் அதிகமான துணை சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. ஒரு செவிலியருக்கு சமவெளியில் சுமார் 5 ஆயிரம் பேர், மலைப்பகுதியில் 3 ஆயிரம் பேர் என்பது கணக்கு.

கர்ப்பிணி யார், எந்த மாதம், ரத்தம் எத்தனை, குழந்தைக்கு எந்த தடுப்பூசி பாக்கி என்று எல்லாம் அவர்கள் பதிய வேண்டும். 'பிக்மி' என்று அழைக்கப்படும் கர்ப்பிணி-குழந்தை கம்ப்யூட்டர் பதிவு முறை இதற்காகத்தான் வந்தது.

பதிவு செய்தால் கர்ப்பிணிக்கு 12 இலக்க எண் கிடைக்கும். 2017 அக்டோபர் 1 முதல், குழந்தையின் பிறப்பு சான்றிதழ் வாங்க இந்த எண் அவசியம் என்று ஆக்கப்பட்டது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்தொகைக்கும் இந்த பதிவுதான் அடிப்படை.

ஆக, செவிலியர் ஒரு எண்ணை மாற்றி தட்டிவிட்டால் அது வெறும் எழுத்துப்பிழை அல்ல. ஒரு ஏழை தாயின் வங்கி கணக்குக்கு பணம் வராது. அவள் கைக்குழந்தையோடு வந்து வாசலில் நிற்பாள்.

2021 ஆகஸ்டு 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்திலும் இதே மாதிரிதான். சர்க்கரை, ரத்த கொதிப்பு உள்ளவர்களின் வீடு தேடி மருந்து போகிறது. போகிற பெண் தன்னார்வலரின் கையில் மாத்திரையோடு செல்போன் பதிவும் போகிறது.

செவிலியர்களின் மனக்குறை பதிவு செய்யச்சொல்வது அல்ல. ஒரே விஷயத்தை பலமுறை பதிவு செய்யச்சொல்வதுதான். பதிவேட்டில் ஒரு தடவை, தாயின் அட்டையில் ஒரு தடவை, கம்ப்யூட்டரில் ஒரு தடவை, மேலதிகாரி கேட்கும் மாத அறிக்கையில் ஒரு தடவை. கம்ப்யூட்டர் வந்ததால் நோட்டு போகவில்லை. நோட்டோடு கம்ப்யூட்டரும் சேர்ந்துகொண்டது.

ஊசி போட கற்றவரை கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டார்கள் என்ற குமுறல் அவர்கள் மத்தியில் உண்டு. பகலில் தெருத்தெருவாக சுற்றிவிட்டு, ராத்திரி சிக்னல் கிடைக்கும்போது வீட்டில் உட்கார்ந்து, அடுப்பில் சோறு கொதிக்க, பதிவேற்றம் செய்கிற நிலைமை இருக்கிறது.

ஆனால் நன்மையும் சும்மா இல்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு போகும் பெண் வேறு மாவட்டத்தில் இருந்தாலும், எண்ணை சொன்னால் அவளுக்கு ரத்த சோகை இருந்ததா, முன்பு ஆபரேஷன் நடந்ததா என்று அங்குள்ள செவிலியர் பார்த்துவிடலாம். 'சிக்கலான பிரசவம்' என்று முன்கூட்டியே தெரிந்தால் தாயும் பிள்ளையும் பிழைக்கிறார்கள். அந்த நேரத்தில் செவிலியர்களே கம்ப்யூட்டரை வாழ்த்துகிறார்கள்.

எந்த லட்சுமி?

தமிழ் பெயர்களால் வரும் குழப்பம் தனி.

லட்சுமி என்ற பெயரை ஆங்கில எழுத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். இன்றைக்கு பதிபவர் ஒரு விதமாக எழுதுவார். அடுத்த மாதம் வருபவர் வேறு விதமாக தேடுவார். 'ஆள் இல்லை' என்று கம்ப்யூட்டர் சொல்லும். உடனே புதுசாக ஒரு பதிவு. ஒரே அம்மாளுக்கு இரண்டு சரித்திரம். ஒன்றில் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று இருக்கும். இன்னொன்றில் இருக்காது.

அதற்கு எதிர்மாறாகவும் நடக்கலாம். ஒரே பெயர், ஒரே வயதில் ஐந்து முருகன் திரையில் வரிசையாக நின்றால், அவசரத்தில் விரல் தவறி அடுத்த முருகனை தொட்டுவிடும்.

இதற்காகத்தான் ஒரே எண் வேண்டும் என்று மத்திய அரசு 2021 செப்டம்பர் 27-ந் தேதி தேசிய அளவில் 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல்' திட்டத்தை தொடங்கியது. இதில் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க 'ஆபா' எண். நோயாளி சம்மதம் கொடுத்தால், ஒரு ஆஸ்பத்திரி பதிவை இன்னொரு ஆஸ்பத்திரி பார்க்கலாம்.

டெல்லியை கலக்கிய தாக்குதல்

2022 நவம்பர் 23-ந் தேதி. நாட்டின் பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்றான டெல்லி எய்ம்சில் காலையில் கம்ப்யூட்டர்கள் மக்கர் செய்தன. முதலில் வழக்கமான கோளாறு என்று நினைத்தார்கள். பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. மர்ம ஆசாமிகள் உள்ளே புகுந்து, தகவல்களை யாரும் திறக்க முடியாதபடி பூட்டு போட்டுவிட்டார்கள்.

பாதிக்கப்பட்டவை 5 சர்வர்கள் என்றும், 1.3 டெராபைட் அளவு தகவல் பூட்டப்பட்டது என்றும் பின்னர் பாராளுமன்றத்தில் மத்திய மந்திரி தெரிவித்தார். டெல்லி போலீசார் மிரட்டி பணம் பறித்தல், கம்ப்யூட்டர் பயங்கரவாதம் ஆகிய பிரிவுகளில் வழக்கு பதிவு செய்தனர்.

ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது? பழைய பேனா மறுபடியும் வெளியே வந்தது. ஓ.பி. சீட்டு கையால். நோயாளியை சேர்ப்பது, அனுப்புவது கையால். ரத்த பரிசோதனை சீட்டு கையால். கூடுதல் ஊழியர்களை போட்டு சமாளித்தார்கள். வரிசை நீண்டது. கிட்டத்தட்ட 2 வாரம் இந்த பாடு.

சிகிச்சை நிற்கவில்லை. காரணம், கையால் வேலை செய்ய தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள்.

2017 மே 12-ந் தேதி இங்கிலாந்திலும் இப்படி ஒரு தாக்குதல் நடந்தது. அங்கே அரசு ஆஸ்பத்திரிகளில் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் முன்பதிவுகள் ரத்தாகியிருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

வயதான நர்சுகள் நோட்டை விட மறுப்பதற்கு சோம்பேறித்தனம் காரணம் அல்ல என்பதை இந்த சம்பவங்கள் காட்டின. கேஸ் ஷீட்டு கட்டை எலி கடிக்கலாம், மழையில் நனையலாம். ஆனால் கடல் கடந்து உட்கார்ந்திருக்கும் ஒருவன் அதை பூட்டிவிட்டு பணம் கேட்க முடியாது.

யார் தலையில் விழும்?

ஊழியர்களின் இன்னொரு பயம் போலீஸ் வழக்கு பற்றியது.

அடிதடி, விபத்து, விஷம் குடித்த கேஸ் வந்தால் விபத்து பதிவேட்டில் பதிவு செய்வார்கள். அந்த 'ஏ.ஆர். காப்பி'தான் போலீசுக்கும் கோர்ட்டுக்கும் ஆதாரம். காகிதத்தில் அடித்து திருத்தினால் பார்த்ததும் தெரியும். ஆனால் எப்போது, யார் திருத்தினார் என்று நிரூபிப்பது கஷ்டம்.

கம்ப்யூட்டரில் அப்படி அல்ல. ஒழுங்கான மென்பொருளில் எந்த பெயரில் நுழைந்தார்கள், எத்தனை மணிக்கு எதை மாற்றினார்கள் என்பது தடயம் போல பதிந்து கிடக்கும். நேர்மையான டாக்டருக்கு இது கவசம். பின்தேதி போட்டு எழுத நினைப்பவருக்கு இது விலங்கு.

இதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. வேலை நெருக்கடியில் ஒருவர் பாஸ்வேர்டை போட்டு திறந்துவைக்க, அந்த ஷிப்டு முழுக்க எல்லோரும் அதிலேயே தட்டுவது பல இடங்களில் சகஜம். ஊசியை மாற்றி போட்டது ஒருவர், பெயர் நிற்பது இன்னொருவருடையது என்று ஆகிவிடும். விசாரணை என்று வந்தால், அன்று வீட்டில் தூங்கிக்கொண்டு இருந்தவர்கூட மாட்டிக்கொள்ளலாம்.

வெற்று காசோலையில் கையெழுத்து போட்டு கொடுப்பதும், பாஸ்வேர்டை சொல்லி கொடுப்பதும் ஒன்றுதான்.

1,000 கோடி பவுன் பாடம்

இங்கிலாந்து அரசு 2002-ல் நாடு முழுவதும் உள்ள ஆஸ்பத்திரிகளை ஒரே கம்ப்யூட்டர் வலையில் இணைக்க திட்டம் போட்டது. மதிப்பு 1,000 கோடி பவுனுக்கும் மேல். 2011-ல் அந்த திட்டத்தை கலைப்பதாக அரசே அறிவித்தது.

தோல்விக்கு பல காரணம் சொன்னார்கள். அடிக்கடி அடிபட்ட காரணம் ஒன்று. மேலே இருந்து திணித்தார்கள். தினமும் பயன்படுத்தப்போகும் டாக்டரையும் நர்சையும் முதலில் கேட்கவில்லை.

செருப்பு தைக்கும் முன் காலை அளக்க வேண்டும். அந்த காலுக்கு சொந்தக்காரர்கள் வார்டில் நிற்கும் ஊழியர்கள்.

இங்கே அவர்கள் எதிர்பார்ப்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு தடவை பதிந்ததை மறுபடியும் எழுதச்சொல்லக்கூடாது. தட்டச்சு வேலைக்கு தனி ஆள் வேண்டும். எச்சரிக்கை மணி உயிர் போகும் ஆபத்துக்கு மட்டும் அடிக்க வேண்டும். மருந்தின் அளவு அநியாயமாக இருந்தால் கம்ப்யூட்டர் கெஞ்சக்கூடாது, கதவை சாத்த வேண்டும். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று முன்கூட்டியே ஒத்திகை வேண்டும். நோட்டு அலமாரியின் சாவி தொலையாமல் இருக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, 'இது சரியில்லையே' என்று ஒரு சின்ன நர்சு கேட்டால், கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்று அவர் வாயை அடைக்கக்கூடாது.

நோயாளிகள் கவனத்துக்கு

கம்ப்யூட்டரில் எல்லாம் இருக்கிறது என்று வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்கு போகாதீர்கள். பழைய சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட்டு, டிஸ்சார்ஜ் அட்டை ஆகியவற்றை ஒரு பையில் போட்டு வையுங்கள். செல்போனில் படம் எடுத்தும் வைக்கலாம்.

கையில் தரும் சீட்டில் பெயர், வயது, ஆணா பெண்ணா என்பது சரியா என்று அங்கேயே பாருங்கள். படிக்க தெரியாவிட்டால் பக்கத்தில் இருப்பவரை கேளுங்கள்.

எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதை, கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். குழந்தையாக இருந்தால் எடையையும் சொல்லுங்கள்.

ஆபா எண்ணுக்கோ, பதிவை பகிர்வதற்கோ சம்மதம் கேட்டால் எதற்கு என்று விசாரித்துவிட்டு கொடுங்கள். தனிப்பட்ட தகவல்களை பாதுகாக்க 2023-ல் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்திருக்கிறது. போனில் வந்த ஓ.டி.பி.யை வழியில் போகிற எவரிடமும் சொல்லாதீர்கள்.

வழக்கத்துக்கு மாறாக கைநிறைய மாத்திரை கொடுத்தால் வாங்கி விழுங்கிவிடாதீர்கள். 'சிஸ்டர், இத்தனையா?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள். சான்பிரான்சிஸ்கோவில் அத்தனை எந்திரங்கள் இருந்தும் அந்த ஒரு கேள்வியை உரக்க கேட்கத்தான் ஆள் இல்லாமல் போயிற்று.